பாறையில் இறங்கி நடந்தவன்

எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஊரார் வழுக்குப்பாறை என்று சொல்லும் சரிவு அது. மழைத் தண்ணீர் வழிந்து வழிந்து வழவழவென்று ஆகிப்போன கரும்பாறை. சைக்கிளை விட்டு இறங்காமல் அதன் அடிவாரம் வந்து சேர்ந்தால் நீங்கள் ஆள். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தால் அன்றைக்கு முழுக்கக் கிண்டல்தான். நான் ஓட்டிக்கொண்டே இறங்குவேன். என் நண்பன் ஒருநாள்கூட அப்படி இறங்கியதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இருவருக்கும் ஊர் மாதனூருக்குப் பக்கம். ஒரே பள்ளிக்கூடம், பிறகு ஒரே ஷூ கம்பெனி, அதிலும் ஒரே செக்‌ஷன். தோல் வெட்டுகிற இடம். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். வாரம் முழுக்க டியூப்லைட் வெளிச்சத்தில் மிஷின் முன்னால் நிற்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வெயிலைப் பார்த்தாலே ஏதோ கிடைக்காதது கிடைத்த மாதிரி இருக்கும். ஊரில் மற்றவர்கள் அந்த நாளைத் தூங்கியோ குடித்தோ கழித்தார்கள். நாங்கள் சைக்கிள் வாங்கினோம்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் சலித்துப்போய் விற்ற பழைய வண்டிகள் அவை. மலையில் ஓட்டுவதற்கென்றே செய்தவை. தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக், பின்சக்கரத்தில் பல்பல்லாகக் கியர். தெருவில் முதல்நாள் கொண்டுவந்து நிறுத்தியபோது எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "ஏழு கழுதை வயசாவுது. பைக் வாங்குற வயசுல சைக்கிள் வாங்கினு வந்து நிக்குதுங்க" என்றாள். அந்த வார்த்தையோடு எங்கள் மரியாதை ஊரில் முடிந்தது.

மலைப் பாதைகள் எங்களுக்காக யாரும் போட்டவை அல்ல. ஆடுகள் போட்டவை, விறகுக்குப் போன பெண்கள் போட்டவை, நின்றுபோன கல்குவாரிக்கு லாரிகள் போட்டவை. கானாற்றை ஒட்டி ஒன்று, முள்ளுக்காட்டின் நடுவே ஒன்று. பெங்களூர்ப் பையன்கள் தலைக்கவசமும் முழங்கால் கவசமுமாக வந்து அவற்றுக்கு 'டிரெயில்' என்று பெயர் வைத்தார்கள். சின்ன வயதில் நாங்கள் சொம்பு எடுத்துக்கொண்டு ஒதுங்கிய பாதை அவர்கள் போனில் நீலக் கோடாக ஓடியது. அதைப் பார்த்து என் நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

உச்சியில் நின்றால் எல்லாம் தெரியும். மணலும் முள்ளுமாகக் கிடக்கும் பாலாறு, ஹைவேயில் ஊர்ந்து போகும் லாரிகள், தோல் பதனிடும் ஷாப்புகளின் நீளமான கூரைகள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் அவ்வளவு உயரத்திலும் அந்த வாடை வரும். "இங்கயும் டூட்டியா?" என்பான்.

அவன் தோல் வெட்டுவதைப் பார்த்தாலே அவனைப் புரிந்துகொள்ளலாம். தோலை விரித்து, விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பான். மாடு முள்ளில் கிழித்துக்கொண்ட தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எதுவும் தப்பாது. அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் வெட்டுகிற அச்சை, எங்கள் பாஷையில் டையை, வைப்பான். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால் காதிலேயே வாங்கமாட்டான். மலையிலும் அப்படித்தான். வழுக்குப்பாறையின் உச்சிக்கு வந்ததும் பிரேக் பிடித்து, இறங்கி, சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்து வருவான். நான் கீழே நின்று விசில் அடிப்பேன். அவனுக்குக் கோபமே வராது.

"எனக்கு வூட்ல பொண்டாட்டி கீது, பொண்ணு கீது. இந்தப் பாறைக்கு யார் கீறாங்க, சொல்லு?" என்பான்.

பாறையைத் தாண்டி ஊருக்கு இறங்கும் பாதை அவனுடைய சித்தப்பாவின் கொல்லை ஓரமாக வரும்; பயிர் வைக்கிற நிலத்தை எங்கள் பக்கத்தில் கொல்லை என்போம். அப்பா இல்லாத அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அந்தச் சித்தப்பா. இருப்பதும் அவர் வீட்டில்தான். கல்யாணமான பிறகும் தனியாகப் போகவில்லை. அவனும் மனைவியும் கம்பெனிக்குப் போய்விட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்வது சித்திதான். கொல்லையில் மழையை நம்பி மல்லாட்டை போடுவார் சித்தப்பா. மற்ற ஊர்களில் வேர்க்கடலை என்பார்கள். காய் பிடிக்கும் நேரத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் குடும்பம் குடும்பமாக இறங்கிவரும். விடிந்து போய்ப் பார்த்தால் உழுத நிலம் மாதிரி இருக்கும். அதற்கு மேல் அங்கே செய்ய ஒன்றும் இருக்காது.

அதனால் எங்கள் பக்கத்தில் கம்பி வைப்பார்கள். கொல்லையைச் சுற்றிக் குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் கட்டுக்கம்பி இழுத்து, ராத்திரியில் மோட்டார் கொட்டகையிலிருந்து அதில் கரண்ட் விடுவது. தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். பிடித்தால் ஜெயில் என்றும் தெரியும். ஆனால் பக்கத்துக் கொல்லைக்காரன் வைத்துவிட்டால் பன்றியெல்லாம் நம் கொல்லைக்கு வரும், ஆகவே நாமும் வைக்கத்தான் வேண்டும் என்பது ஊர் நியாயம்.

அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்கள். கொட்டகை வாசலில் சின்னதாக ஒரு சிவப்பு பல்பு தொங்கும். கம்பியில் கரண்ட் இருந்தால் பல்பு எரியும். பல்பு அணைந்திருந்தால் தாண்டிப் போகலாம். ஆடு மேய்க்கிறவர்கள், விறகுக்காரப் பெண்கள், எங்களைப் போன்ற சைக்கிள் பைத்தியங்கள் எல்லாரும் பல்பைப் பார்த்துத்தான் காலை எடுத்து வைப்போம். ஆனால் கொல்லைப் பக்கத்து மோட்டார் கரண்ட் நேரம் காலம் பார்க்காமல் போகும், வரும். சுவிட்சை அணைத்தாலும் பல்பு அணையும், கரண்ட் போனாலும் பல்பு அணையும். இது தெரியாத ஆள் ஊரில் ஒருவரும் கிடையாது. தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் அதை உட்கார்ந்து யோசிக்கவில்லை.

அது ஐப்பசி மாதம். முந்தின நாள் நல்ல மழை. விடியலில் குவாரிப் பாதை வழியாக ஏறி, வெயில் மஞ்சளாக அடிக்கத் தொடங்கும்போது இந்தப் பக்கமாக இறங்கினோம். ஈரத்தில் பாறை மினுமினுத்தது. நான் இறங்காமல் ஓட்டிவந்தேன். கடைசியில் ஒரு குதி குதித்ததில் செயின் கழன்றுவிட்டது. உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டிருந்தேன். அவன் வழக்கம்போல நடந்தே இறங்கிவந்து, என்னைத் தாண்டும்போது சொன்னான்:

"பாத்தியா, நடந்து வந்தவன் முன்னால போறான்."

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

கையில் கிரீஸோடு நான் திருப்பத்துக்கு வந்தபோது அவன் கம்பி அருகே நின்றிருந்தான். பல்பு அணைந்திருந்தது. நானும் பார்த்தேன். சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டு, ஒரு கையால் கம்பியை அமுக்கிப் பிடித்து, ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தான். வாரா வாரம் நாங்கள் இருவரும் செய்வதுதான். அப்போது பல்பு எரிந்தது.

அவன் கத்தவில்லை. யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி தலையை மட்டும் திருப்பினான். பிறகு இன்னொரு கையும் கம்பியில் பட, சைக்கிளோடு அதன்மேல் சாய்ந்தான். எனக்கு அவனிடம் ஓடத்தான் தோன்றியது. எந்தப் புண்ணியமோ, கொட்டகைக்கு ஓடி மெயினை இறக்கினேன். திரும்பி வந்து அவனைப் புரட்டிப்போட்டு, தெரிந்த மட்டும் நெஞ்சை அமுக்கினேன். வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு கரிக்கோடு. இடது கையில் அதைவிட ஆழமாக. தோல் கருகிய வாடை. தோல் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அது வேறு வாடை.

என் சத்தம் கேட்டுச் சித்தப்பா மாட்டுக்கொட்டகையிலிருந்து பால் சொம்போடு ஓடிவந்தார். பையனைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார்.

"கரண்ட் இல்லியேடா. நான் பாத்தேனே, பல்பு எரியலியே. பெரியவன் ஆஃப் பண்ட்டான்னு நெனச்சி பால் கறக்கப் போய்ட்டேனே."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கொட்டகைத் தூணில் தலையை மோதிக்கொண்டார். நெற்றி உடைந்து ரத்தம் வந்தது. அவரை இழுத்துப் பிடித்ததும் நான்தான். அந்த ஆளை வெறுக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை. அந்தக் கம்பியை வெறுக்கிறேன், அந்தப் பல்பை வெறுக்கிறேன், அதற்கு மேல் போக முடியவில்லை.

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் பெரிய மகன் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். குச்சிகளையும் பிடுங்கினான். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது, கைமட்டும் மளமளவென்று வேலை செய்தது.

"அண்ணா, போனை வைண்ணா. போய்ட்டாரு, தெரியலியா? பாறையில உழுந்துட்டாருன்னு சொல்லிடலாம். இல்லன்னா எங்கப்பாவும் போய்டுவாரு."

"இவன் அந்தப் பாறையில ஓட்டவே மாட்டான்டா" என்றேன்.

"அது நமக்குத்தானே தெரியும்" என்றான்.

ஆம்புலன்ஸ் வந்ததாம். உயிர் போய்விட்டது என்று சொல்லி ஊர் முனையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவனைக் கட்டிலில் வைத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் கதை போய்ச் சேர்ந்திருந்தது. தெருவில் கால் வைத்ததும் கேட்கிறேன்: "வழுக்குப்பாறையில வேகமா வந்தானாம். ஈரத்துல சறுக்கிக்கினு போய்ட்டானாம். அப்பவே சொன்னேன், இந்தச் சைக்கிள் பைத்தியம் நல்லதுக்கில்லன்னு."

கொஞ்ச நேரத்தில் அவன் சைக்கிளையும் கொண்டுவந்து சுவரோரம் சாத்தினார்கள். முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. கொல்லையில் கிடந்தபோது அதில் ஒரு கீறல் இல்லை. யாரோ கல்லைப் போட்டோ மிதித்தோ வளைத்திருக்கிறார்கள். பிணத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அப்படி ஆத்திரம் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பல் துலக்கும் பிரஷ்ஷால் கியருக்கு இடையில் இருக்கும் மண்ணை எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு வைப்பான் அந்த வண்டியை.

பந்தல் நடுவில் நின்று கத்தினேன். பாறையில் விழவில்லை, கரண்ட் அடித்துச் செத்தான், நான் பார்த்தேன் என்றேன். மேளம்கூட ஒரு கணம் நின்றது. எல்லாருக்கும் கேட்டது. ஆனால் யாரும் "அப்படியா?" என்று கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் தோளில் கைபோட்டார். "தோஸ்த்தைப் பறிகொடுத்துக்கிறான், பாவம், இன்னா பேசறோம்னே தெரியல. தம்பிக்கு டீ குடுங்கப்பா" என்றார். பேப்பர் கப்பில் டீ வந்தது. நான் மறுபடி கத்தினேன். மறுபடி டீ வந்தது. அதற்குப் பிறகு மேளம் பலமாக அடிக்கத் தொடங்கிவிட்டது.

அகால சாவு, போட்டு வைக்கக் கூடாது என்று பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். கைகளை நெஞ்சின்மேல் சேர்த்துக் கட்டி, மேலே கனமாக மாலை போட்டிருந்தார்கள். உள்ளங்கை ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

பால் தெளித்த மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதென்று முடிவு செய்தேன். பணத்துக்காகவோ பழி வாங்கவோ இல்லை. என் நண்பன் பொறுப்பில்லாமல் விளையாடிச் செத்த முட்டாள் இல்லை என்பதை ஒரு இடத்திலாவது, ஒரு ஆளாவது ஒத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். போவதற்கு முன் அவன் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்வது முறை என்று வீட்டுக்குப் போனேன். அவளுக்கு உண்மை தெரியாது, நான்தான் சொல்லி உடைக்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனேன்.

கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். உள்ளே சித்தப்பா இருமுவது கேட்டது. குழந்தை சித்தி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஸ்டேஷனுக்குப் போறீங்களாண்ணா?"

"ஆமாம்மா. அவன் பாறையில..."

"தெரியும்ணா. காலையிலேந்து மாலை போடற வரைக்கும் அவர் கையை நான்தானே புடிச்சிக்கினு இருந்தேன்."

ஒப்பாரிக்காரப் பெண்களுக்கு நடுவில் அவள் அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அழக்கூட இல்லையே என்று பெண்கள் பேசிக்கொண்டது எனக்கும் கேட்டிருந்தது.

"எங்கம்மா வூட்ல யாரும் இல்ல, உங்களுக்கே தெரியும். காலையில பஸ் ஏறினா இருட்டினப்புறம் வர்றேன். என் பொண்ணுக்குச் சோறு ஊட்டறது அத்தை. மாமாவை உள்ள வச்சிட்டா, அந்த அத்தை கையால அப்புறம் எம்பொண்ணு எப்படிச் சாப்பிடும்? அவங்க போடமாட்டாங்கன்னு சொல்லல. போடுவாங்க. என்னாலதான் பாக்க முடியாது."

"அப்போ அவன் பைத்தியக்காரத்தனமா விழுந்து செத்தான்னே இருக்கட்டுமா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே இருமல் நின்றது. அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"இருக்கட்டும்ணா. அவர் எப்படி ஓட்டுவாருன்னு எனக்குத் தெரியாதா? கம்பெனி பஸ்ல ஏறும்போதுகூட நின்னப்புறம்தான் ஏறுவாரு." அங்கேதான் அவள் குரல் உடைந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "எம்பொண்ணு பெருசாகி, சம்பாரிச்சி, இந்த வூட்ட விட்டு நாங்க வெளிய போன அன்னிக்கி நீங்களே வந்து அதுகிட்ட சொல்லுங்க. அதுவரைக்கும் யாரு கேட்டாலும் உழுந்துட்டாருன்னே சொல்லுங்க. சும்மா இருந்தா போதாது. சொல்லணும். நீங்க கூட இருந்தவரு. நீங்க சொன்னாத்தான் ஊரு நம்பும்."

அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்வாள் என்று பயந்தேன். சொல்லவில்லை. எழுந்து துணியை அலசப் போய்விட்டாள். நான் ஸ்டேஷன் பக்கம் போகாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

சித்தப்பா அதன்பிறகு கம்பி வைக்கவில்லை. அந்த வருஷத்து மல்லாட்டையைப் பன்றிகள் ஒரு செடி விடாமல் தோண்டித் தின்றன. அவர் வரப்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார், விரட்டக்கூட மாட்டார். என்னை வழியில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். அப்படிச் செய்யாமலாவது இருக்கலாம். மற்றக் கொல்லைகளில் சிவப்பு பல்புகள் இன்னும் எரிகின்றன. பெயர் சொல்லாமல் ஈ.பி. ஆபீசுக்குப் போன் போட்டேன். ஆள் வருவதற்கு முன்னால் கம்பி அவிழ்ந்தது, ஆள் போன பின்னால் ஏறியது.

கம்பெனியில் அவனுக்காக எல்லாரும் எழுந்து மௌனமாக நின்றோம். பிறகு மைக்கில் ஒருவர் பேசினார். லீவு நாட்களில் ஆபத்தான விளையாட்டு வேண்டாம், குடும்பத்தை நினைத்துப் பாருங்கள், நம் நண்பருக்கு நடந்தது ஒரு பாடம் என்றார். டையை வைப்பதற்கு முன் தோலை விரல் விரலாகத் தடவிப் பார்த்தவன் பாடமாகிவிட்டான். தையல் வரிசையில் அவன் மனைவி தலை குனிந்து நின்றிருந்தாள்.

மலையை விடவில்லை நான். விட்டிருந்தால் மரியாதை என்று வீட்டில் சொல்கிறார்கள். வெளியூரிலிருந்து ஓட்ட வருகிறவர்களுக்கு நான்தான் வழிகாட்டி. எந்தக் கொல்லையோரமும் கம்பியைத் தாண்டாதீர்கள், பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் சுற்றிக்கொண்டு போங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஏன் என்று கேட்டால், சொன்னதைச் செய்யுங்கள் என்பேன். சிடுமூஞ்சி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் புதிதாக வந்தார்கள். நல்ல பிள்ளைகள். வழுக்குப்பாறையின் உச்சியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணா, உங்க தோஸ்த் உழுந்தது இங்கதானா?"

"இங்கதான்."

"வேகமா வந்தாராண்ணா?"

"வேகமாத்தான் வந்தான்."

அவன் இன்னொரு தடவை பாறையைப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிச் சொன்னான்.

"பேஜாராகீதுண்ணா. இறங்கி நடந்திருந்தா பொழைச்சிருப்பாரு."

"ஆமாம்பா. பொழைச்சிருப்பான்" என்றேன்.